பொட்டலம் மடிச்ச ஆச்சி சொல்லுதேன்

ஏட்டி, என்ன சொன்ன? முடி கொட்டாம இருக்க ஒரு பாட்டி வைத்தியம் வேணுமா? அதுவும் சாயந்தரம் நாலு மணிக்குள்ள வேணுமா?

கோட்டிக்காரி, என் தலையைக் கடேசியா என்னைக்குப் பாத்த? போன தைக்கு வந்தப்ப நீதானட்டி கொண்டை போட்டுவிட்ட. எம்புட்டு இருந்துச்சு? புளியங்கொட்டை அளவு. அதுலயும் பாதி சவுரி. மொட்டைத் தலைக்காரிகிட்டப் போயி சீப்பு இரவல் கேக்குத.

நீங்க போடுத பாட்டி வைத்தியத்தைப் பூராம் உன் சித்தி போன்ல நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பாட்டி சொன்னா, பாட்டி சொன்னாங்கீகளே, எந்தப் பாட்டிட்டி அவ? நம்ம தெருவுல மட்டும் பன்னெண்டு பாட்டி உக்காந்திருக்கோம். இன்னைய வரைக்கும் ஒரு ஆளு வந்து, “ஆச்சி, நீ என்ன தேச்ச?”ன்னு கேட்டதில்லை. கேட்டா சொல்லுவோமே, தேய்க்க எண்ணெய் இருந்தா தாளிக்கதுக்கு வச்சிக்கிட்டோம்னு.

எங்க ஆச்சி எனக்குச் சொல்லிக்குடுத்த வைத்தியம் ஒண்ணே ஒண்ணு. மூணு நாளைக்கு மேல காய்ச்சல் நின்னா வண்டியைப் பூட்டிக்கிட்டு எட்டயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போ. போறப்ப தூக்குச் சட்டியில கஞ்சி எடுத்துக்கோ, அங்க கூட்டமா இருக்கும். எழுதிக்கிட்டியா? அம்புட்டுத்தான் பாட்டி வைத்தியம்.

நாலு மணிக்கு இன்னும் நேரம் கெடக்கு. வேலைக்குச் சேந்து ஒரு வாரம்தான ஆகுது, பதறாத. பொம்பளைப் பத்திரிகை எப்படி நடத்தணும்னு ஆச்சி சொல்லுதேன், கேளு. சிரிக்காதட்டி. நான் படிச்சது அஞ்சாப்புதான். ஆனா நாப்பது வருசம் பெட்டிக்கடை வச்சிருந்தவ. உங்க தாத்தா கோவில்பட்டியில இருந்து பழைய பேப்பரை எடைக்கு வாங்கிட்டு வருவாரு. தினப் பேப்பரு மெத்துமெத்துன்னு இருக்கும், அது சேவுக்கும் கடலைக்கும். பொம்பளைப் பத்திரிகைத் தாளு அப்படி இல்லை, வழவழன்னு இருக்கும். எண்ணெய்ப் பலகாரத்துக்கு ஆகாது, ஈரத்தை உறிஞ்சாது. ஆனா கடுகு, சீரகம், வெந்தயம் மடிக்க அதை அடிச்சுக்க வேற தாள் கிடையாது. மங்கையர் மலர்ல மிளகு மடிச்சிருக்கேன். 1998-ல அவள் விகடன் வந்ததுக்கப்புறம் அதுல ஏலக்காய் மடிச்சிருக்கேன். மடிக்கதுக்கு முந்தி ஒரு தாளையும் படிக்காம விட்டதில்லை. இந்த ஜில்லாவுல என்னைவிடக் கூடுதலாப் படிச்சவ ஒருத்தி இருந்தா கூட்டிட்டு வா.

என்ன, எல்லாம் துண்டு துண்டாப் படிச்சேன். அதனால எனக்கு எந்தத் தொடர்கதைக்கும் தலையும் தெரியாது, காலும் தெரியாது. நடுமுதுகு மட்டும் தெரியும். ஒரு கதையில ஒருத்தி செவப்புச் சேலை கட்டிக்கிட்டு, தகரப் பெட்டியைக் கால்மாட்டுல வச்சிக்கிட்டு, விழுப்புரம் ஸ்டேசன்ல நிக்கா. புருசன்கிட்டக் கோவிச்சிக்கிட்டு வந்திருக்காளா, அம்மா வீட்டுக்குப் போறாளா தெரியலை. ரயில் வந்து நிக்கி. “அவள்”னு இருக்கு, அங்கன தாள் முடிஞ்சிபோச்சு. மிச்சத் தாளுல நூறு கடுகு மடிச்சு உங்க தாத்தா யாருக்கோ குடுத்துட்டாரு. முப்பது வருசமாகுது, அவ இன்னும் அங்கனயேதான் நிக்கா.

சரி, தொழிலுக்கு வருவோம். பொம்பளைப் பத்திரிகைக்காரி மொதல்ல கத்துக்கிட வேண்டியது, நோயில்லாதவளுக்கு நோயைக் குடுக்குறது. மருந்து அதுக்குப் பொறவு தானா விக்கும். எங்களுக்கெல்லாம் குதிகால் வெடிச்சுத்தான் கெடந்துச்சு. கரிசக்காட்டுல வெயில் அடிச்சா பூமியே பாளம் பாளமா வெடிக்கி, காலு வெடிக்காதா? வலிச்சா வெளக்கெண்ணெயைத் தடவிட்டு அடுத்த வேலையைப் பாத்தோம். அது வெக்கப்பட வேண்டிய விசயம்னு எங்களுக்குத் தெரியலை பாரு! வெந்தயம் மடிக்கப்பதான் படிச்சேன், “உங்கள் பாதங்கள் உங்களைக் காட்டிக்கொடுக்கின்றனவா?”ன்னு. அன்னைக்கு முழுக்கக் கடையில காலை உள்ள இழுத்து வச்சிக்கிட்டே யாவாரம் பாத்தேன்னா பாத்துக்கோ. சரக்கு வாங்க வந்த சம்சாரி, “ஆச்சிக்குக் காலு எதும் சுளுக்கா?”ன்னு கேட்டுட்டுப் போனாரு.

செவப்புக் களிம்பு கதை தெரியும்லா. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல வந்துச்சு. நாங்க கருவேலங்கட்டை நெறம். அந்த நெறத்துலதான் கலியாணமும் முடிஞ்சு பிள்ளையும் பெத்திருந்தோம், இனிமே செவந்து என்ன பண்ண? ஆனா எங்க மகளுக வயசுக்கு வந்தப்ப எந்தப் பத்திரிகையைத் திருப்புனாலும் அந்தக் களிம்பு விளம்பரத்துல கறுத்த பிள்ளை வெளுத்த பிள்ளையா மாறி வேலைக்குப் போவா, இல்லை மாப்பிள்ளை பிடிப்பா. நாப்பத்தஞ்சு வருசம் அப்படி வித்துட்டு, 2020-ல “ஃபேர்”ங்கிறது தப்புன்னு தெரிஞ்சு “க்ளோ அண்ட் லவ்லி”ன்னு மாத்திட்டாக. மாப்பிள்ளை அவரேதான், சட்டையை மட்டும் மாத்திருக்காரு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பொட்டலம் மடிக்கவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு டாக்டரம்மா, “உன் உடம்பை நீ நேசி, ஊர் சொல்லுததைக் கேக்காத”ன்னு ஒரு பக்கம் எழுதியிருப்பாக. நல்ல விசயம், நல்லாத்தான் எழுதியிருப்பாக. அதே தாளைத் திருப்புனா, இடுப்பைக் கொறைக்க ஒரு பொடி விளம்பரம். கூம்பாச் சுத்தி மடிக்கப்ப டாக்டரம்மா உள்ள போயிருவாக, பொடிக்காரன் வெளிய சிரிச்சிக்கிட்டு இருப்பான். மாத்தி மடிச்சாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். டாக்டரம்மாவுக்குச் சம்பளம் குடுக்கதே பொடிக்காரன்தானட்டி. உனக்கும் அவன்தான். அவனைப் பகைச்சுக்காத, ஆனா எந்தப் பக்கம் யாரு நிக்கான்னு ஒரு கண்ணு வச்சிக்கோ.

பொறவு இந்த எண்ணிக்கை. ஏழு வழி, பத்து டிப்ஸ், பதினஞ்சு ரகசியம். ஒரு வழி சொன்னா ஒருத்தியும் படிக்க மாட்டா போல. முகத்துக்குப் போடச் சொல்லுதீகளே, கடலை மாவு, தயிரு, மஞ்சப்பொடி, தக்காளி, உருளைக்கிழங்குச் சாறு. அது முகமா, பஜ்ஜிச் சட்டியா? உங்க சின்னத்தாத்தா பொண்டாட்டி ஒரு நா அதைக் கலக்கி வச்சிட்டுக் குளிக்கப் போயிருக்கா. வந்து பாத்தா அவரு அதுல வெங்காயம் நறுக்கிப் போட்டு எண்ணெயைக் காய வச்சிட்டாரு. நல்லாத்தான் இருந்துச்சாம்.

தலைப்பு வைக்கிறதுலயும் இப்ப புதுசா ஒண்ணு கத்திருக்கீக. அன்னைக்குப் போன்ல பாத்தேன், “தலையணைக்கு அடியில் பூண்டு வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா?”ன்னு. என்ன நடக்கும், தலையணை நாறும். இதுக்கு ஒரு படம், நாலு விளம்பரம், “மேலும் படிக்க”ன்னு ஒரு பொத்தான். கல்கி 2020-ல அச்சை நிறுத்திட்டுப் போனுக்குள்ள போயிருச்சு, மங்கையர் மலரும் இப்ப அங்கனதான் இருக்குன்னு சொன்னியே, அன்னைக்கு நான் கேட்டதுக்கு இன்னும் நீ பதில் சொல்லலை. போன்ல எப்படிட்டி சீரகம் மடிக்கிறது?

ஆம்பளைக பொம்பளைக்குப் புத்தி சொல்லுறதைப் பத்தி நீ காலேஜ் படிக்கப்ப ஒண்ணு சொன்ன, நான் மறக்கலை. 1693-ல லண்டன்ல லேடீஸ் மெர்குரின்னு ஒண்ணு வந்துச்சாம், பொம்பளைகளுக்குன்னே. காதல், கலியாணம், புருசன் சண்டை எது கேட்டாலும் பதில் சொல்லுவாகளாம். நடத்துனது ஜான் டன்டன்னு ஒரு ஆம்பளை. நாலே இதழ்ல நின்னுபோச்சு. பொம்பளைக்குப் புத்தி சொல்ல அந்தாளுகிட்ட நாலு வாரத்துக்குத்தான் சரக்கு இருந்திருக்கு, பாவம். நம்ம ஆளுக அப்படி இல்லை, இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காக. பொம்பளைப் பேரு வச்சா பொம்பளைன்னு நெனைக்க எங்களைப் போல ஆளுகளும் இருந்தோம். சுஜாதான்னு பாத்துட்டு, “இந்தப் பிள்ளை எம்புட்டு சூட்டிகையா எழுதுதா”ன்னு நான் வருசக்கணக்கா மெச்சிக்கிட்டு இருந்தேன். பொறவுதான் தெரிஞ்சுது, அது ரங்கராஜன், பொண்டாட்டி பேரை எடுத்து வச்சிக்கிட்டாருன்னு. புஷ்பா தங்கதுரையும் ஆம்பளைதான்னு தெரிஞ்சப்ப எனக்கு யாரு மேலயும் நம்பிக்கை இல்லாமப் போச்சு.

நம்ம எட்டயபுரத்து ஆளை மட்டும் விடுவேனா? 1905-ல மெட்ராஸ்ல சக்ரவர்த்தினின்னு பொம்பளைக முன்னேத்தத்துக்கு ஒரு மாசப் பத்திரிகை. அதுக்கு ஆசிரியரு நம்ம பாரதி. அப்ப அவருக்கு இருபத்திரெண்டு வயசு, மீசை மொளைச்சு எம்புட்டு நாளாச்சோ. பொம்பளை படிக்கணும், நிமிந்து நடக்கணும்னு அந்த வயசுலயே அவரு நெனைச்சாரே, அதுக்கு ஒரு கும்புடு. அடுத்த வருசமே அதை விட்டுட்டுப் போயிட்டாரு. பின்னால புதுச்சேரியில இருக்கப்ப பொண்டாட்டி செல்லம்மா எரவலா வாங்கி வச்ச அரிசியை அள்ளிக் குருவிக்குப் போட்டாரும்பாக. குருவிக்குப் பசி ஆறுச்சு, சரி. “இல்லாத அரிசியில் குடும்பம் நடத்த ஏழு வழி”ன்னு செல்லம்மாகிட்டல்லா அப்பவே எழுதி வாங்கிருக்கணும்? ஒரு பத்திரிகைக்காரனுக்கும் தோணலையே.

தானே பத்திரிகை நடத்துன பொம்பளை ஒருத்தி உண்டு. அவுக கதையைத்தான் உன் வாயில நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன், ஞாபகமிருக்கா? வை.மு.கோதைநாயகி. அஞ்சு வயசுல கலியாணம். பள்ளிக்கூடம் போகலை. கதை சொல்லத் தெரியும், எழுத வராது. திருவல்லிக்கேணியில அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உக்கார வச்சு வாயால கதை சொல்லிக்கிட்டு இருந்திருக்காக. நாடகம் ஒண்ணு மனசுல வந்துருச்சு, இந்திரமோகனான்னு பேரு. என்ன பண்ணுனாக? தோழி பட்டம்மாளைக் கூப்புட்டு, “நான் சொல்லுதேன், நீ எழுது”ன்னு சொல்லிட்டாக. அவ எழுதுனா. புஸ்தகமாவும் வந்துருச்சு. பொறவு தானும் எழுதப் படிச்சாக. 1925-ல, நின்னுபோன ஜகன்மோகினியை வாங்கி அவுகளே நடத்துனாக. நூத்திப் பதினஞ்சு நாவல். நடுவுல காந்தி பேச்சைக் கேட்டுப் போராட்டத்துக்குப் போயி ஜெயிலுக்கும் போனாக. அங்கயும் சும்மா இல்லை, எழுதிருக்காக.

இதுல எனக்குப் பிடிச்சது நூத்திப் பதினஞ்சு இல்லட்டி. அந்தப் பட்டம்மாதான். அடுப்பு வேலையை முடிச்சிட்டு, ஈரக்கையைச் சேலைத் தலைப்புல தொடைச்சிட்டு உக்காந்து, அவ சொல்லச் சொல்ல இவ எழுதிருக்கா பாரு. “என் பேரைப் போடு”ன்னு கேட்டாளா, கேக்கலையா? இப்ப நீயும் நான் சொல்லச் சொல்ல டக்கு டக்குன்னு தட்டுத சத்தம் கேக்கு. தட்டு, தட்டு. பேரு விசயம் பொறவு பேசுவோம், அதுல எனக்கு ஒரு கணக்கு இருக்கு.

இன்னொண்ணு. “உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்”னு எழுதாத. தயவுபண்ணி எழுதாத. உன் சித்தி தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா, தெரியும்லா. காலையில ஆறரைக்கெல்லாம் வண்டி வந்துரும். அதனால நாலு மணிக்கு எந்திச்சு உலை வச்சிருவா. ஒரு நா ராத்திரி எல்லாரும் சாப்புட்டு, ஏனம் கழுவி, அடுப்பு மொழுகி, பத்தரை மணிக்குத் திண்ணையில வந்து உக்காந்தா. பெருவிரல்ல மஞ்சக்கறை, நகத்துக்குள்ள மருந்து வாடை. அந்த விரலால போனைத் தள்ளித் தள்ளிப் பாத்தா. திடீர்னு சிரிச்சா. என்னட்டின்னு கேட்டேன். வாசிச்சுக் காட்டுனா: “காலை ஐந்து மணிக்கு எழுந்தால் உங்கள் வாழ்க்கையே மாறும்.”

“அத்தே, அப்ப நான் ஒரு மணி நேரம் கூடுதலா ஒறங்கலாம்போல”ன்னா.

அவளும் சிரிச்சா, நானும் சிரிச்சேன். சிரிச்சிக்கிட்டே அவ அப்படியே தூணுல சாஞ்சு ஒறங்கிட்டா. போனு வெளிச்சம் மட்டும் அவ முகத்துல கெடந்துச்சு. நான்தான் எடுத்து அமத்தி வச்சேன்.

நீதான போன வருசம் சொன்ன, சர்க்காரு கணக்கு எடுத்திருக்குன்னு? 2019-ல. நம்ம நாட்டுல வீட்டு வேலை பாக்குத பொம்பளைக்கு அதுக்கே ஒரு நாளைக்கு 299 நிமிசம் போச்சாம், பாக்குத ஆம்பளைக்கு 97. நான் வெரல் விட்டுப் பாத்தேன். அஞ்சு மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிசம் கம்மி. அந்த ஒரு நிமிசத்துலதான் தாயி உன் பத்திரிகையைப் படிக்கா. அதுக்குள்ள அவளை யோகா பண்ணச் சொல்லி, நாட்குறிப்பு எழுதச் சொல்லி, வெள்ளரிக்காயைக் கண்ணுல வைக்கச் சொன்னா எப்படி? வெள்ளரிக்காயைத் தின்னுட்டு ஒறங்கட்டும். அந்த 97-காரனுக்குன்னு ஏன் ஒரு பத்திரிகை இல்லை? “மாமனார் மெச்சும் மருமகன் ஆக பத்து வழிகள்”, “குக்கர் எத்தனை விசிலுக்கு இறக்குவது: ஆண்களுக்கான கையேடு”. நீ ஆரம்பி. ஒண்ணும் விக்காது, ஆனா ஆரம்பி.

ரொம்பக் கேலி பண்ணுதேன்னு நெனைக்காத. நானும் தின்னுட்டுத்தான் பேசுதேன். துவரம்பருப்பு பொங்காம இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடணும்னு ஒரு பொட்டலத்துலதான் நான் படிச்சேன், இன்னைக்கும் விடுதேன். எங்க அம்மா சொல்லலை, மாமியா சொல்லலை, யாரோ கும்பகோணத்துக்காரி சொன்னா. முகம் தெரியாத ஒருத்தி என் அடுப்படிக்கு வந்து சொல்லிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் கேக்க முடியாததை, கேட்டா ஊருக்கே தெரிஞ்சிரும்னு நெனைக்கதை, தீட்டு வயித்துவலி, வெள்ளைப்படுறது, அதையெல்லாம் ஒரு டாக்டரம்மா அச்சுல எழுதியிருந்ததை நான் மடிக்காம ஒதுக்கி வச்சிருந்தேன். அந்தக் கட்டு இன்னும் பரண்ல கெடக்கு. வயசுக்கு வந்த பிள்ளை கடைக்கு வந்தா, மிட்டாயோட ஒரு தாளையும் சுத்திக் குடுப்பேன். உங்கம்மாவுக்கும் குடுத்திருக்கேன், கேட்டுப் பாரு.

அந்தப் பேரு விசயம் சொன்னேன்லா. நம்ம மேலத்தெருவுல ஒருத்தி இருந்தா. பேரு இப்ப எதுக்கு. அவளுக்கும் பேருன்னு ஒண்ணு இருந்தது யாருக்கும் தெரியாது. கலியாணமாகி வந்த நாள்ல இருந்து இன்னாரு பொண்டாட்டி, பொறவு இன்னாரு அம்மா. அவ ஒரு நா ஒரு பத்திரிகைக்குக் கார்டு போட்டா. காஞ்ச மொளகாயில ரெண்டு உப்புக்கல்லைப் போட்டு வறுத்தா நெடி ஏறாதுன்னு ஒரு குறிப்பு. ரெண்டு மாசம் கழிச்சு இருபத்தஞ்சு ரூவா மணியார்டர் வந்துச்சு. தபால்காரருக்கு ஆளு யாருன்னு தெரியலை. தெருமொனையில நின்னுக்கிட்டு அவ பேரை முழுசாச் சத்தம் போட்டுக் கூப்புடுதாரு. தெருவே ஒருத்தரை ஒருத்தரு பாக்கோம், “யாரது?”ன்னு. அவ புருசனும் திண்ணையில உக்காந்து யோசிக்காரு. அவ உள்ள இருந்து ஓடியாந்தா பாரு, தலையில கட்டுன துண்டோட, “நாந்தான், நாந்தான்”னுக்கிட்டு. கையெழுத்துப் போடத் தெரிஞ்சும் கை நடுங்கிட்டு. பேரோட கடேசி எழுத்தைக் காணோம்.

அந்த ரூவாயை அவ செலவழிக்கவே இல்லை. பத்திரிகையைக் காசு குடுத்து வாங்கியாரச் சொல்லி, பேரு வந்த தாளை மட்டும் கத்தரிச்சு, சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருந்தா.

இதுல நான் ஒண்ணு சொல்லணும். அந்த உப்புக்கல்லு விசயம் என்னுது. என் கடையில நின்னுக்கிட்டு என் வாயால கேட்டுட்டுப் போயித்தான் எழுதுனா. நான் கேட்டதுக்கு, “நீ சொன்ன ஆச்சி, நான் எழுதுனேன்லா”ன்னா. அதுக்கு மேல நான் என்னத்தைப் பேச? ஒரு அச்சு வெல்லம் எச்சா வாங்கிட்டுப் போயி சமாதானம் பண்ணிட்டா. ஆனா அன்னைக்கே முடிவு பண்ணுனேன், இனிமே சும்மா ஒரு வைத்தியமும் சொல்லுறதில்லைன்னு.

அதனால நீ உங்க ஆபீசுல கேளு. பாட்டி வைத்தியம்னு போடுததுக்குப் பாட்டிக்கு எம்புட்டுன்னு. இருபத்தஞ்சு ரூவாயெல்லாம் ஆகாது, வெலைவாசி ஏறிப்போச்சு. போன்ல அனுப்புத துட்டு வேண்டாம், உன் சித்தப்பன் அதைப் பாத்துட்டான்னா பீடிக்கு எடுத்துக்கிடுவான். மணியார்டராப் போடு. என் பேரை அப்பாரு பேரோட, ஊர் பேரோட முழுசா எழுதணும். தபால்காரரு இப்ப புதுப் பையன், வெக்கப்படுவான். சத்தமாக் கூப்புடச் சொல்லி நானே சொல்லிக்கிடுதேன்.

என்னட்டி, மணி மூணேமுக்காலா? முடி கொட்டாம இருக்கவா? இரும்புச்சத்து கம்மியா இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிச்சுப் பாருங்கன்னு போடு. கீழ, “ஆச்சி சொன்னது”ன்னு போட மறக்காத. கருவேப்பிலைப் படம் வேணும்னா ஒண்ணு ஓரமா வச்சிக்கோ, அது இல்லாட்டி உங்க மேனேஜருக்கு ஒறக்கம் வராது.

வச்சிராத, வச்சிராத. இன்னும் ஒண்ணு. உங்க ஆபீசுல பழைய பத்திரிகையெல்லாம் கட்டிக் கட்டி வச்சிருக்காகன்னு சொன்னியே. சோலி இல்லாதப்ப தேடிப் பாரு. செவப்புச் சேலை, தகரப் பெட்டி, விழுப்புரம் ஸ்டேசன். அவ ரயில் ஏறுனாளான்னு மட்டும் பாத்துச் சொல்லு.